அம்மாவுக்கு ஒரு டிக்கெட்

இரவு எட்டு மணிக்கு டிக்கெட் விற்பனை என்றால் தென்கொரிய நகரங்களில் ஏழரைக்கே இணைய மையங்களில் இடம் பிடிக்க ஆள் வந்துவிடும். வீட்டு இணைப்பைவிட அங்கே வேகம் அதிகம் என்று ஒரு நம்பிக்கை. திரையின் ஒரு பக்கம் டிக்கெட் தளம், இன்னொரு பக்கம் அந்தத் தளத்தின் சர்வர் நேரத்தை நொடி பிசகாமல் காட்டும் கடிகாரம். எட்டு அடிக்கும் அந்த நொடியிலேயே சொடுக்கிவிட வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் வரிசை எண் ஐந்து இலக்கத்துக்கோ ஆறு இலக்கத்துக்கோ போய்விடும். இப்படி மவுஸைப் பிடித்தபடி மூச்சடக்கி உட்கார்ந்திருக்கும் பெண்களில் பலர் தங்களுக்காக வந்தவர்கள் அல்லர். முப்பது வயது மகள், அறுபது வயது அம்மாவுக்காக மல்லுக்கட்டுகிறாள். இந்த வேலைக்குக் கொரிய இளைஞர்கள் பெயரே வைத்துவிட்டார்கள்: ‘ஹ்யோகெட்டிங்’. பெற்றோருக்குப் பிள்ளை செய்யும் கடமையையும் டிக்கெட் எடுப்பதையும் ஒட்டவைத்த கிண்டல் பெயர்.

அம்மா பார்க்கத் துடிக்கும் பாடகர் லிம் யங்-வூங். 1991இல் பிறந்தவர். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். தாய் முடிதிருத்தும் கடை நடத்தி வளர்த்தார். 2016இல் பாட வந்தும் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 2020இல் டி.வி. சோசன் தொலைக்காட்சியின் ‘மிஸ்டர் ட்ரொட்’ போட்டிதான் அவரைத் தூக்கி நிறுத்தியது. ட்ரொட் என்பது ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் உருவாகி, நெடுஞ்சாலை ஓய்வுக்கடைகளிலும் கிராமத்துச் சந்தைகளிலும் ஒலித்துத் தேய்ந்த பாட்டு வகை. பாட்டி காலத்துச் சரக்கு என்று இளையவர்கள் ஒதுக்கிவைத்திருந்தது. இறுதிச் சுற்றுக்கு 77 லட்சத்துக்கும் மேற்பட்ட குறுஞ்செய்தி வாக்குகள் குவிந்து, கணினியே திணறி, முடிவை இரண்டு நாள் கழித்துத்தான் அறிவிக்க முடிந்தது. கொரோனாவால் வீட்டுக்குள் அடைபட்டிருந்த அம்மாக்கள் அன்றைக்கு ஒரு பாடகரைக் கண்டுகொண்டார்கள். 2024 மே மாதம் சியோல் உலகக் கோப்பை மைதானத்தில் அவர் இரண்டு நாள் பாடினார். கால்பந்துப் புல்தரை கெட்டுவிடக் கூடாது என்று மைதானத்தின் நடுவே நாற்காலி போடவில்லை. சுற்றிலும் இருந்த கேலரிகள் வானநீலச் சட்டைகளால் நிறைந்திருந்தன. அந்த நீலம்தான் அவருடைய ரசிகர் படையின் நிறம்.

கிண்டலில் பிறந்த பெயர் என்றாலும் ஹ்யோகெட்டிங் ஒரு பெரிய விஷயத்தைத் தலைகீழாக்கிவிட்டது. பாப் இசையைப் பற்றி எழுதியவர்கள் கடந்த அறுபது ஆண்டுகளாக ஒரு வீட்டைக் கற்பனை செய்துவந்தார்கள். அதில் ஒரு பூட்டிய அறை. உள்ளே சுவரெங்கும் படங்கள் ஒட்டிய மகள், வெளியே கதவைத் தட்டும் தாய். அந்தக் கதவு இப்போது திறந்திருக்கிறது. பல வீடுகளில் அம்மாவும் மகளும் ஒரே பாடகருக்காக ஒரே சோபாவில் உட்கார்ந்து அழுகிறார்கள். ஆனாலும் இந்தக் காட்சியைப் பார்த்ததும் “அம்மாவும் பொண்ணும் தோழிகள் மாதிரி” என்று சொல்லிவிட்டு நகர்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே பாட்டைக் கேட்டாலும் இருவரும் ஒரே மாதிரி ரசிகையாக இருப்பதில்லை. அந்த வித்தியாசத்தில்தான் இந்த உறவின் சுவாரசியம் இருக்கிறது, அதன் பலமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதைப் பார்க்கக் கொரியாவைப் போல் வசதியான இடம் வேறில்லை. மூன்று தலைமுறைப் பெண்கள் அங்கே வரிசையாக ரசிகைகளாக இருந்திருக்கிறார்கள். மூவரையும் அந்தச் சமூகம் நடத்திய விதம் மூன்று வகை.

முதலில் வசவு. 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியதை ஏழு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். அதே மாதம் லண்டனின் ‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ இதழில் பால் ஜான்சன் அந்த ரசிகைகளை மந்த புத்திக்காரர்கள், வாழ்க்கையில் தோற்றவர்கள் என்கிற ரீதியில் கரித்துக்கொட்டினார். ஐந்தாண்டுகள் கழித்து, 1969 அக்டோபரில், ஆங்கிலப் பாடகர் கிளிஃப் ரிச்சர்ட் சியோலுக்கு வந்தபோதும் அதே பாட்டு. ஈவா மகளிர் பல்கலைக்கழக அரங்கில் மாணவிகள் கூச்சலிட்டு அழுததைப் பத்திரிகைகள் தேசிய அவமானம்போல் எழுதின. மேடைக்கு என்னென்னவோ எறிந்தார்கள் என்ற வதந்தி பல ஆண்டுகள் சுற்றியது. ராணுவ ஆட்சியின் கீழ், பாவாடை நீளத்தைக் காவலர்கள் அளக்கவிருந்த காலத்தின் வாசலில், ஒரு பெண் பொது இடத்தில் வாய்விட்டுக் கத்துவது சின்ன விஷயம் இல்லை. பீட்டில்ஸ் ரசிகைகள் பற்றி பார்பரா எரன்ரைக், எலிசபெத் ஹெஸ், குளோரியா ஜேக்கப்ஸ் மூவரும் பின்னாளில் எழுதிய கட்டுரை இந்தக் கூச்சலை வேறு விதமாகப் படித்தது. கட்டுப்பாட்டை இழப்பது என்பதே அந்தப் பெண்களுக்கு அன்றைக்குக் கிடைத்த கலகம் என்றார்கள். சியோலுக்கும் அது பொருந்தும். கிளிஃப் ரிச்சர்டுக்காகக் கத்திய பெண்கள் இப்போது எழுபதுகளில் இருக்கிறார்கள். ட்ரொட் கச்சேரியில் வானநீலச் சட்டை போட்டிருப்போரில் அவர்களும் உண்டு.

எண்பதுகளில் பாடகர் சோ யோங்-பில் புகழின் உச்சியில் இருந்தபோது ‘ஓப்பா படை’ என்ற பெயர் நிலைத்தது. பெண்கள் அண்ணனைக் கூப்பிடும் சொல்லால் மேடையில் இருப்பவரை அழைத்துக் கதறும் கூட்டம். பிறகு 1992 பிப்ரவரி. நியூ கிட்ஸ் ஆன் தி பிளாக் என்ற அமெரிக்கக் குழுவின் சியோல் கச்சேரியில் கூட்டம் மேடையை நோக்கி நெருக்கித் தள்ளியதில் ஒரு பள்ளி மாணவி இறந்தார், பலர் காயமடைந்தார்கள். அதன் பிறகு மகள் கச்சேரிக்குப் போகிறேன் என்று சொன்னால் எந்தத் தாய்க்கும் முதலில் நினைவுக்கு வந்தது அதுதான். அந்தப் பயத்தை வெறும் கட்டுப்பெட்டித்தனம் என்று சொல்லிவிட முடியாது.

இந்தப் பயத்துக்கு நடுவே வந்தது எச்.ஓ.டி. 1996 செப்டம்பரில் எஸ்.எம். என்டர்டெயின்மென்ட் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஐந்து பையன்கள். ‘கே-பாப்’ எனப்படும் இன்றைய கொரியப் பாப் இசைத் தொழிலின் அச்சு அங்கேதான் வார்க்கப்பட்டது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிறம்: எச்.ஓ.டி.க்கு வெள்ளை, செக்ஸ்கீஸுக்கு மஞ்சள், ஷின்ஹ்வாவுக்கு ஆரஞ்சு. அந்த நிறத்தில் மழைக்கோட்டு, அந்த நிறத்தில் பலூன். பாடகர்கள் பதிவுசெய்து வைத்த குரலைக் கேட்கக் கட்டணத் தொலைபேசி எண்கள் இருந்தன. மாத முடிவில் பில் வந்ததும் வீட்டில் பூகம்பம். கச்சேரி நாளில் மாணவிகளைச் சீக்கிரமாக வீட்டுக்கு விடக் கூடாது என்று பள்ளிகளுக்கு உத்தரவு போனதையும், சியோல் மெட்ரோ நேரத்தை நீட்டித்ததையும் அந்தத் தலைமுறை இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. இவர்களைப் ‘பசுனி’ என்றார்கள். தமிழில் அப்படியே எழுதக் கூசும் அளவுக்கு இழிவான சொல். 2001இல் குழு பிரிந்தது. ரசிகைகள் கல்லூரிக்குப் போனார்கள், வேலைக்குப் போனார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள். 2012இல் ‘ரிப்ளை 1997’ தொடர், பூசான் நகரத்து எச்.ஓ.டி. ரசிகை ஒருத்தியைக் கதாநாயகியாக்கியபோது, தங்கள் இளமையைப் பற்றி வெட்கப்பட வேண்டியதில்லை என்று அவர்களுக்கு முதல்முறையாக யாரோ சொன்னதுபோல் ஆயிற்று. 2018 அக்டோபரில் ஐவரும் மறுபடி ஜம்சில் ஒலிம்பிக் மைதானத்தில் மேடையேறினார்கள். அந்த வருடம் அரங்குக்கு வந்தவர்களின் மகள்கள் வீட்டில் பி.டி.எஸ். என்ற ஏழு பேர் குழுவைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பி.டி.எஸ். அம்மாக்கள் என்று ஒரு கூட்டம் எப்படி உருவானது என்பதற்கு இந்தப் பின்னணி இல்லாமல் விடை கிடைக்காது. நாற்பது வயதுப் பெண் திடீரென்று மகளோடு சேர்ந்து ஏழு பையன்களின் பெயரை மனப்பாடம் செய்யவில்லை. பதினாறு வயதில் “படிக்கிற வயசுல இதெல்லாம் எதுக்கு” என்று பாதியில் நிறுத்தப்பட்ட ஒன்றை, இருபத்தைந்து ஆண்டு கழித்து மகளின் அறை வழியாகப் போய் எடுத்துக்கொண்டாள்.

இசை ரசனை வீட்டுக்குள் எப்படிக் கைமாறுகிறது என்பதற்கு ஓர் அழகான ஆய்வு உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் கிரம்ஹான்ஸ்லும் ஜஸ்டின் ஸுப்னிக்கும் 2013இல் வெளியிட்டது. இருபது வயதை ஒட்டிய 62 மாணவர்களுக்கு, 1955 முதல் 2009 வரை ஒவ்வொரு ஆண்டும் அமெரிக்காவில் முன்னணியில் இருந்த பாடல்களின் துணுக்குகளைப் போட்டுக் காட்டினார்கள். மனிதருக்குத் தன் பதின்ம வயதுப் பாட்டுதான் ஆழமாக நினைவில் நிற்கும் என்பது பழைய முடிவு. இந்த மாணவர்களுக்கோ இன்னொரு மேடு தெரிந்தது. தாங்கள் பிறப்பதற்கு முன்பே வந்துபோன எண்பதுகளின் தொடக்கப் பாடல்கள், அதாவது பெற்றோரின் இளமைக்காலப் பாடல்கள், அவர்களுடைய சொந்த நினைவுபோல உள்ளே இருந்தன. அறுபதுகளின் பாடல்களிலும் ஒரு மேடு தெரிந்தது. சமையலறையிலும் காரிலும் ஓடிய பாட்டு பிள்ளைகளுக்குள் இறங்கிவிடுகிறது. நம் வீடுகளில் இருபது வயதுப் பெண் பி. சுசீலா பாட்டுக்கு அடுத்த அடியைத் தன்னையறியாமல் முனகுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல.

ஆனால் அந்த ஆய்வு பேசுவது மேலிருந்து கீழே இறங்குவதை மட்டுமே. பெற்றோர் கேட்டார்கள், பிள்ளைக்கு வந்தது. கே-பாப் வீட்டில் ஓட்டம் எதிர்த்திசையில். மகள் ஆசிரியை, அம்மா மாணவி. பாடத்திட்டமும் கடுமையானது. முதலில் ஏழு முகங்களைப் பிரித்தறிய வேண்டும். தலைமுடி நிறம் மாதத்துக்கு மாதம் மாறுவதால் அதை நம்பி மோசம் போகக் கூடாது. அடுத்தது, தனக்கென ஒருவரைத் தேர்ந்தெடுப்பது. ரசிகர் மொழியில் ‘பயஸ்’. பிறகு, பாட்டின் எந்த இடைவெளியில் எந்த வரிசையில் உறுப்பினர் பெயர்களைச் சேர்ந்து கத்த வேண்டும் என்ற கோஷம். கச்சேரியில் கையில் பிடிக்கும் லைட்ஸ்டிக் விளக்கை ப்ளூடூத்தில் இணைத்துத் தன் இருக்கை எண்ணைப் பதிந்துவிட்டால், அரங்கத்தின் கட்டுப்பாட்டறையிலிருந்தே அதன் நிறம் மாறும். அதையும் அம்மாவுக்கு மகள்தான் செய்து தர வேண்டும். புதுப் பாட்டு வெளியாகும் நாளில் எந்தச் செயலியில் எப்படிக் கேட்டால் கணக்கில் சேரும், ஒலியை அடைத்துவிட்டு ஓடவிட்டால் சேருமா சேராதா என்று நுணுக்கமான விதிகள். வீட்டில் எதற்கெடுத்தாலும் மகளுக்குப் பாடம் எடுத்தே பழகிய அம்மா, இங்கே கை கட்டிக் கேட்டுக்கொள்கிறாள்.

கொரியாவில் இதற்குத் தனிக் கனம் உண்டு. அங்கே நடுத்தர வீட்டில் தாய் என்பவள் பெரும்பாலும் மகளின் படிப்புக்கு மேலாளர். எந்த டியூஷன், எத்தனை மணி, எந்தக் கல்லூரி என்ற பேச்சே அவர்களுக்குள் மிச்சம். நவம்பரில் நடக்கும் நுழைவுத் தேர்வன்று, கேட்கும் திறன் வினாக்களின்போது இரைச்சல் கூடாதென்று விமானங்கள் தரையிறங்குவதைக்கூட நிறுத்திவைப்பார்கள். நீட்டும் பிளஸ் டூவும் ஆட்டிப்படைக்கும் நம் ஊர்ப் பெற்றோருக்கு மேலதிக விளக்கம் வேண்டாம். அப்படிப்பட்ட வீட்டில் மதிப்பெண்ணோடு சம்பந்தமில்லாத ஒரு பொருளைப் பற்றி அம்மாவும் மகளும் ஒரு மணி நேரம் பேச முடிகிறது என்றால் அது சும்மா இல்லை. அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்தின் சாண்டி வாலஸும் ஜேக் ஹார்வுடும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பக்கத்தில் வருகிறது. பெற்றோரோடு சேர்ந்து பாட்டுக் கேட்டது, கச்சேரிக்குப் போனது முதலான அனுபவங்கள் உள்ள இளைஞர்கள், வளர்ந்த பிறகு அந்த உறவை நல்லபடியாக மதிப்பிடுகிறார்கள். சிறுவயதில் சேர்ந்து கேட்டதைவிட, பதின்ம வயதில் சேர்ந்து கேட்டதற்குத்தான் இந்தத் தொடர்பு வலுவாக இருந்தது. நல்ல உறவு இருந்ததால் சேர்ந்து கேட்டார்களா, சேர்ந்து கேட்டதால் உறவு நன்றாக இருந்ததா என்பதை இப்படிப்பட்ட ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் பதின்ம வயதில் ஒரு பிள்ளை பெற்றோரைத் தன் இசைக்குள் விடுவது அபூர்வம் என்பதால்தான் அதற்கு இவ்வளவு எடை என்று எனக்குப் படுகிறது.

இனி வித்தியாசத்துக்கு வருவோம். 2022 ஜூன் 14 அன்று பி.டி.எஸ். உறுப்பினர்கள் ஒரு விருந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்து, குழுவாகச் செய்வதைக் குறைத்துக்கொண்டு தனித்தனியாகச் சிலகாலம் இயங்கப்போவதாகச் சொன்னார்கள். டிசம்பரில் மூத்தவர் ஜின் கட்டாய ராணுவச் சேவைக்குப் போனார். ஒவ்வொருவராக எல்லோரும் போய், 2025 ஜூனில் கடைசி ஆளும் கடமை முடித்தார். இந்த இரண்டரை ஆண்டை மகள்கள் ஒரு விதமாகக் கடந்தார்கள். நாட்காட்டியில் நாள் அடித்தார்கள், பழைய காணொளிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள், இன்னும் எத்தனை நாள் என்று எண்ணும் செயலியைப் போனில் வைத்துக்கொண்டார்கள். ராணுவத்துக்குப் போகுமுன் மொட்டையடித்த அந்தத் தலை, கொரியத் தாய்க்குத் தெரிந்த தலை. அவள் தம்பியை அப்படித்தான் வழியனுப்பினாள். மகன் இருந்தால் நாளை அவனையும் அனுப்ப வேண்டும். ஒரே புகைப்படத்தின் முன் மகள் காதலனைப் பிரிகிற மாதிரி அழ, அம்மா பிள்ளையைப் பிரிகிற மாதிரி அழுகிறாள்.

தொழிலுக்கு இது தெரியும். 2016இல் தொடங்கிய ‘புரொட்யூஸ் 101’ நிகழ்ச்சி பார்வையாளர்களை ‘தேசத்தின் தயாரிப்பாளர்கள்’ என்று அழைத்தது. பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளில் யார் மேடையேற வேண்டும் என்பதை நீங்களே வாக்களித்து முடிவு செய்யுங்கள் என்றது. ஓப்பாவை ஏக்கத்தோடு பார்க்கும் ரசிகை போய், ஒரு பையனை ஆளாக்கும் ரசிகை வந்தாள். கொரிய ஆய்வாளர்கள் இதை வளர்ப்புத்தாய் ரசனை என்ற பொருளில் பேசுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால் பதினைந்து வயதுப் பெண்கள்கூட இருபத்தைந்து வயது இளைஞனை “எங்க குழந்தை” என்று கொஞ்ச ஆரம்பித்தார்கள். அம்மாவின் பாத்திரத்தை மகள் எடுத்துக்கொண்டாள்; மகளின் வயதுக்கு அம்மா இறங்கினாள். வாக்குகளில் மோசடி நடந்தது 2019இல் அம்பலமாகி, நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் அடுத்த ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். நாம்தான் வளர்த்தோம் என்று நம்பியவர்களுக்கு விழுந்த அடி அது.

ஜப்பானில் இதே கதை வேறு வரிசையில் நடந்தது. அங்கே முதலில் விழுந்தது அம்மாதான். ‘வின்டர் சொனாட்டா’ என்ற கொரியத் தொடரை என்.எச்.கே. தொலைக்காட்சி 2003இலும் 2004இலும் ஒளிபரப்பியது. அதன் நாயகன் பே யோங்-ஜூன் 2004 நவம்பரில் நரிதா விமான நிலையத்தில் வந்திறங்கியபோது ஏறத்தாழ 3,500 பேர் காத்திருந்தார்கள். பெரும்பாலும் நாற்பதைக் கடந்த பெண்கள். ஜப்பானிய ஊடகங்கள் சிரித்தன. சமூகவியலாளர் யோஷிதாகா மோரி அந்தச் சிரிப்பில் சேராமல் அவர்களைப் போய்ச் சந்தித்து எழுதினார். தொடரைப் பார்த்துவிட்டுக் கொரிய மொழி படிக்கப் போனவர்கள், கொரியாவை ஜப்பான் ஆண்ட வரலாற்றை முதல்முறையாகத் தேடிப் படித்தவர்கள், தோழிகளோடு மட்டும் முதன்முதலாக வெளிநாட்டுப் பயணம் போனவர்கள் அவர்களில் இருந்தார்கள். சில ஆண்டுகளில் அந்த வீடுகளின் மகள்கள் காரா, கேர்ள்ஸ் ஜெனரேஷன் என்ற கொரியப் பெண்கள் குழுக்களைக் கேட்கத் தொடங்கினார்கள். டோக்கியோவின் கொரியக் கடைத்தெருவான ஷின்-ஒகுபோவில் தாயும் மகளும் சேர்ந்து வந்து, தாய் நடிகர் படமும் மகள் பாடகர் படமும் வாங்கிப்போவது வழக்கமானது. இங்கே வழி திறந்தவள் தாய். ஆனால் மகள் அவள் பின்னால் அப்படியே வரவில்லை. அதே தெருவில் வேறு கடைக்குள் நுழைந்தாள்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. 2010இல் கேர்ள்ஸ் ஜெனரேஷனின் ‘ஓ!’ ஆல்பத்தோடு, எந்த உறுப்பினரின் படம் உள்ளே இருக்கும் என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்படி ஓர் அட்டையை வைத்து விற்றார்கள். அதுதான் போட்டோகார்டு. இன்றைக்கு ஒரே ஆல்பம் மூன்று நான்கு அட்டைப்படங்களில் வருகிறது. ஒவ்வொன்றிலும் எதிர்பாராத ஓர் அட்டை. பாடகரை நேரில் பார்க்கும் கையெழுத்து நிகழ்ச்சிக்குக் குலுக்கல், அந்தக் குலுக்கலுக்கு வாங்கிய ஆல்பம் ஒவ்வொன்றும் ஒரு சீட்டு. பதின்ம வயது மகளுக்கு இதற்குப் பணம் ஏது? அம்மாவின் கார்டு. அம்மா ரசிகையாக இல்லாத வீட்டில் இது சண்டை, ரசிகையாக இருக்கும் வீட்டில் இரட்டைச் செலவு. ஒரு பெட்டி ஆல்பங்களை வாங்கி அட்டைகளை எடுத்துக்கொண்டு குறுந்தகடுகளை வீதியில் விட்டுப்போவதைக் கண்டித்து, 2021இல் ரசிகைகளே தொடங்கிய கே-பாப் ஃபார் பிளானட் என்ற அமைப்பு குரல் கொடுத்தது. நிறுவனங்கள் ‘குடும்ப ரசனை’ என்று மெச்சிப் பேசும்போதெல்லாம் நான் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். மகளோடு சேர்ந்து ரசிப்பது மகிழ்ச்சியான காரியம்தான், ஆனால் அதையே விற்பனை உத்தியாக யாரோ வரைந்து வைத்திருக்கிறார்கள் என்பதும் உண்மை. மறுபக்கமும் சொல்ல வேண்டும். மேடை வாசலில் மலர் வளையத்துக்குப் பதிலாக அரிசி மூட்டைகளை அடுக்கி, பாடகர் பெயரில் ஏழைகளுக்குக் கொடுக்கும் வழக்கத்தையும் கொரிய ரசிகைகளே ஏற்படுத்தினார்கள். 2020 ஜூனில் பி.டி.எஸ். கறுப்பின உரிமை இயக்கத்துக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்தபோது, ரசிகர்கள் ஒரு நாளுக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் அதே தொகையைத் திரட்டிவிட்டார்கள்.

விழுந்துபோகும் நாயகர்களும் உண்டு. ஓ சே-யோன் என்ற இளம் இயக்குநர் 2021 பூசான் திரைப்பட விழாவில் ‘ஃபனாட்டிக்’ என்ற ஆவணப்படத்தைத் திரையிட்டார். பள்ளி நாட்களில் அவர் உயிராய்க் கொண்டாடிய பாடகர் பாலியல் குற்றத்துக்காகச் சிறைக்குப் போனவர். அந்தப் பாடகர் தந்த கையெழுத்தையும் சேர்த்துவைத்த பொருள்களையும் என்ன செய்வது என்று தெரியாமல், தன்னைப் போலவே ஏமாந்த ரசிகைகளைத் தேடிப் போய்ப் பேசுகிறார். அந்தப் பட்டியலில் அவருடைய அம்மாவும் இருக்கிறார். அம்மாவுக்கும் ஒரு நடிகர் இருந்தார், அவராலும் மனம் உடைந்தது. அம்மா ஆறுதல் சொல்கிற காட்சியாக அது முடிந்திருந்தால் வழக்கமான படமாகியிருக்கும். ஒரே தொழிலில் நஷ்டப்பட்ட இரண்டு பேர்போல அவர்கள் பேசுகிறார்கள். ரசிகையாக இருந்த அம்மா மகளுக்குத் தர முடிந்த விலையுயர்ந்த பொருள் இதுதான் என்று நினைக்கிறேன். “நான்தான் அப்பவே சொன்னேனே” என்று சொல்லாத ஒரு தாய்.

ஆனாலும் எல்லாக் கதவுகளும் திறந்தே இருக்க வேண்டுமா? பிரிட்டனில் ஏஞ்சலா மக்ராபியும் ஜென்னி கார்பரும் எழுபதுகளின் நடுவில் எழுதிய கட்டுரை ஒன்று, பெண் பிள்ளைகளின் இசை ரசனையை அவர்களுடைய படுக்கையறையில் தேடியது. பையன்களுக்குத் தெருமுனை இருந்தது. பெண்களுக்குத் தோழி, ரெக்கார்ட் பிளேயர், சுவரொட்டி, சாத்திய கதவு. நம் ஊரிலும் அப்படித்தான். ரசிகர் மன்றம் என்பது ஆண்களின் தெருமுனை. மதுரையில் அதை ஆராய்ந்த சாரா டிக்கியின் நூலிலும் மன்றத்துக்குள் இருந்தவர்கள் ஏறக்குறைய ஆண்கள்தான். பெண்களின் ரசனை வீட்டுக்குள்ளேயே, கணக்கில் வராமல் கிடந்தது. அந்த ஒற்றை அறைக்குள்ளும் அம்மா வந்து உட்கார்ந்துவிட்டால் மகளுக்கு மிச்சம் என்ன? கே-பாப் பிள்ளைகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அம்மாவோடு பேச ஒரு கணக்கு, தோழிகளோடு பேச அம்மாவுக்குத் தெரியாத இன்னொரு கணக்கு. நியாயமான ஏற்பாடு.

கதவு முழுக்கச் சாத்தியே இருந்தால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். 2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்தைச் சேர்ந்த எட்டாம் வகுப்பு மாணவிகள் மூவர், பி.டி.எஸ்.ஸைப் பார்க்கக் கொரியாவுக்குப் போகிறோம் என்று வீட்டைவிட்டுக் கிளம்பினார்கள். கையில் 14,000 ரூபாய். விசாகப்பட்டினம் போய் அங்கிருந்து கப்பல் ஏறுவது திட்டம். சென்னை வரை போய், மனம் தளர்ந்து திரும்பும் வழியில் காட்பாடி ரயில் நிலையத்தில் மீட்கப்பட்டார்கள். செய்தி வந்த அன்று எல்லோரும் செல்போனைத் திட்டினார்கள், கொரியாவைத் திட்டினார்கள், வளர்ப்பைத் திட்டினார்கள். 1964இன் பால் ஜான்சன் தமிழில் மறுபிறவி எடுத்ததுபோல் இருந்தது. அந்தப் பிள்ளைகள் உறுப்பினர் பெயர்கள், ஊர்கள், பாட்டுகள் எல்லாவற்றையும் போனிலிருந்தே கற்றிருந்தார்கள். ஆனால் 2024 ஜனவரியில் பி.டி.எஸ். உறுப்பினர் ஏழு பேருமே ராணுவச் சேவையில் இருந்தார்கள். கப்பல் கிடைத்திருந்தாலும் பார்க்க ஆள் இல்லை. ரசிகைகளான அம்மாக்கள் உலகெங்கும் அன்றாடம் பேசிக்கொண்டிருந்த செய்தி அது. அந்த வீடுகளில் அதைப் பேச இன்னொருவர் இல்லை. கூலிக்குப் போய்த் திரும்பும் தாய்க்கு மகளின் பாட்டைக் கேட்டுப் பழக நேரம் வேண்டும், தனியாக ஒரு போன் வேண்டும். சேர்ந்து ரசிப்பது என்பது ஓய்வு உள்ள வீட்டின் வசதி என்பதை, இந்த விஷயத்தைக் கொண்டாடி எழுதுகிறவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

மறுபடி சியோல் அம்மாக்கள். லிம் யங்-வூங் ரசிகைகள் பல ஊர்களில் இப்போது கூடிப் படிக்கிறார்கள். ஒரு சிறு அறை வாடகைக்கு, மேசை மேல் ஸ்மார்ட்போன்கள், கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பத்துப் பதினைந்து பெண்கள். எந்தச் செயலியில் எப்படிக் கணக்குத் தொடங்குவது, வாராந்தர வாக்கெடுப்பில் எப்படி வாக்களிப்பது, ஒரே பாட்டை எத்தனை மணி நேர இடைவெளியில் கேட்டால் தரவரிசையில் சேரும் என்பதை, கொஞ்சம் முன்னே கற்றவர் மற்றவருக்குச் சொல்லித்தருகிறார். சந்தித்ததும் ‘கொன்ஹேங்’ என்கிறார்கள், ஆரோக்கியமாகவும் சந்தோஷமாகவும் இருங்கள் என்று பாடகர் சொல்வதன் சுருக்கம். மகளிடம் கேட்டால் பெருமூச்சு விட்டுக்கொண்டே செய்துதருவாள், மூன்றாம் முறை கேட்டால் எரிந்து விழுவாள். இங்கே எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். இந்த அறைகளுக்கு மகள்கள் வருவதில்லை. அடுத்த கச்சேரி அறிவிப்பு வந்தால் இங்கேயே உட்கார்ந்து, சர்வர் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எட்டு மணிக்குத் தாங்களே சொடுக்கிப் பார்க்கிறவர்களும் இப்போது இருக்கிறார்கள். சிலருக்குக் கிடைத்தும் விடுகிறது.